ஓய்வு நாட்களின் கணக்கு

அமெரிக்காவின் வட மாநிலங்களில், ஆட்ட மைதானங்களைப் பனி மூடிக் கிடக்கும் ஜனவரி மாதத்திலேயே, உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பால் பயிற்சியாளர்கள் வரப்போகும் பருவத்தை வகுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் பகலில் சரித்திரமோ கணிதமோ கற்பிக்கும் உபாத்தியாயர்கள். பயிற்சிக்கென்று பள்ளி கொடுக்கும் தனித்தொகை, அதற்காக அவர்கள் இழக்கும் மாலைப்பொழுதுகளுக்கு எவ்விதத்திலும் ஈடாகாது. பள்ளியின் நாட்காட்டி, எதிரணிகளோடு பேசி முடித்த ஆட்ட அட்டவணை, சென்ற ஆண்டின் ஸ்கோர் புத்தகம், இந்த ஆண்டு ஆட வரக்கூடிய பையன்களின் பெயர்கள் ஆகியவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு அவர்கள் செய்யும் வேலை, பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு குமாஸ்தாவின் வேலையாகவே படும். ஆயினும், மே மாதத்து மாலை ஒன்றில் ஊரார் கூடி நின்று ஆரவாரிக்கும் வெற்றிகளையும், அதே மாலையில் ஒரு பையன் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீடு திரும்பும் துயரத்தையும், அந்தக் காகிதங்களே பெரும்பாலும் முன்கூட்டித் தீர்மானித்துவிடுகின்றன என்பது, இந்த ஆட்டத்தைக் கம்பி வேலிக்கு இப்பால் நின்று நெடுநாளாகக் கவனித்து வந்திருக்கும் எனக்கு ஏற்பட்டுள்ள உறுதியான அபிப்பிராயம். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளின் உடலிலும் காலத்திலும் எவ்வளவைத் தம் அணிக்காகச் செலவழிக்கலாம், எவ்வளவைத் தொடாமல் அவர்களுக்கே விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்விக்குத்தான் பருவத்தை வகுக்கிறவர் தேதி தேதியாக விடை எழுதுகிறார்.

பேஸ்பாலைப் பார்த்திராத வாசகர்கள் ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஓர் அணிக்கு ஒன்பது பேராக ஆடும் இந்த ஆட்டத்தில், பத்து அங்குலம் உயர்த்தி அமைத்த மண்மேட்டின்மேல் நின்று, 60 அடி 6 அங்குலத் தூரத்தில் மட்டையோடு காத்திருப்பவனை நோக்கிப் பந்தெறியும் ‘பிட்சர்’ என்பவனைச் சுற்றியே மற்ற யாவும் நடைபெறுகின்றன. கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒருமுறை ஓவர் மாறுவதால், எத்தனை வல்லவனாயினும் பந்து வீச்சாளனுக்கு இடையிடையே மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. ஒருநாள் ஆட்டங்களிலோ, ஒருவனே இத்தனை ஓவருக்குமேல் வீசலாகாது என்ற வரம்பும் உண்டு. பிட்சருக்கு அத்தகைய இயற்கையான தடை ஏதும் இல்லை. பயிற்சியாளர் வந்து பந்தை வாங்கிக்கொள்ளும் வரையில், எதிரணியின் ஒவ்வொரு மட்டையாளனுக்கும் அவனே எறிகிறான். உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ். ஒரே பிட்சர் ஏழையும் முடித்தால் தொண்ணூறு, நூறு எறிகள் ஆகிவிடும். அப்படி எறியும் திறமை படைத்தவர்கள் ஒரு பள்ளியில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். வாரத்துக்கு ஆட்டங்களோ இரண்டு, மூன்று வந்துவிடும். பயிற்சியாளரின் சங்கடங்களில் முக்கால்வாசி இந்தப் பற்றாக்குறையில் பிறந்தவை.

நாடு முழுவதும் ஏறத்தாழ 4,80,000 மாணவர்கள் பள்ளி அணிகளில் பேஸ்பால் ஆடுகிறார்கள். ஆட்ட விதிகளை, இந்தியானாபொலிஸ் நகரில் தலைமையகம் கொண்ட மாநிலப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு எழுதுகிறது என்றாலும், பருவம் எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், எத்தனை ஆட்டம் ஆடலாம் என்பனவற்றை அந்தந்த மாநிலச் சங்கமே நிர்ணயிக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் குளிர் விடும் தறுவாயில் தேர்வு நடந்து, வசந்தம் முழுவதும் ஆடி, கோடை விடுமுறை பிறக்கும் சமயத்தில் மாநிலப் பட்டம் யாருக்கென்று முடிவாகிறது. ஐயோவா மாநிலம் மட்டும், வசந்தத்தின் ஈரத்துக்கும் குளிருக்கும் பயந்தோ, பழக்கத்தை விட மனமில்லாமலோ, இன்றளவும் கோடையிலேயே பள்ளி பேஸ்பாலை நடத்திவருகிறது. வயோமிங்கில் பள்ளிச் சங்கம் இந்த ஆட்டத்தை நடத்துவதே இல்லை. வசந்தத்தில் ஆடுகிற வட மாநிலத்துப் பயிற்சியாளருக்குப் பருவத்தின் முதல் சில வாரங்கள் மைதானத்தில் கிடைப்பதில்லை. கூடைப்பந்து அணி விட்டுக்கொடுத்த உள்ளரங்கில், விடியற்காலையிலோ இரவிலோ, மரத்தளத்தின்மேல் பந்தை உருட்டிப் பழக வேண்டும்; மரத்தளத்தில் ஒரே சீராக எழும்பும் பந்து, மண் தரையில் எப்படித் துள்ளும் என்பது முதல் ஆட்டத்தன்றுதான் பையன்களுக்குத் தெரியவரும்.

இவ்வளவு சிரமத்துக்கிடையே வகுத்த அட்டவணையை ஏப்ரல் மழை வந்து கலைத்துவிடுகிறது. ஒரு வாரம் விடாமல் தூறினால், தள்ளிப்போன ஆட்டங்கள் யாவும் அடுத்த வாரத்தில் வந்து குவியும்; மாவட்ட நிலையைத் தீர்மானிக்கும் ஆட்டங்களாதலால் அவற்றை ரத்துச் செய்யவும் முடியாது. விளக்கு வசதியில்லாத மைதானங்களில் நாலரை மணிக்குத் தொடங்கினால்தான் அஸ்தமனத்துக்குள் முடியும். நடுவர்களுக்கோ எங்கும் பஞ்சம். பேருந்தை வேறோர் அணிக்குக் கொடுத்திருப்பார்கள். பரீட்சை வேறு குறுக்கே நிற்கும். இவற்றையெல்லாம் தொலைபேசியில் மன்றாடிச் சரிசெய்த பிறகு, ஐந்து நாளில் நான்கு ஆட்டங்கள் என்று ஒரு வாரம் உருவாகிவிட்டால், அந்த நான்கையும் எறிந்து முடிக்க எத்தனை கைகள் தம்மிடம் இருக்கின்றன என்று பயிற்சியாளர் எண்ணத் தொடங்குகிறார். ஜனவரியில் மூன்றாவது, நான்காவது பிட்சர்களைப் பற்றி யோசிக்காதவர் இந்த இடத்தில்தான் அகப்பட்டுக்கொள்கிறார்.

மழைக்கு மறுநாள் ஒரு பள்ளி மைதானத்தைச் சீர்செய்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பயிற்சியாளர் ரப்பர் காலணி அணிந்து, உள்வட்டத்து மண்ணில் தேங்கிய குட்டைகளை ஒவ்வொன்றாக வலம்வந்தார். பையன்கள் பெரிய ஸ்பாஞ்சுகளால் தண்ணீரை ஒற்றி வாளியில் பிழிந்தார்கள்; சேற்றோடு சேர்த்துத் தண்ணீரைத் துடைப்பத்தால் புல்வெளிப் பக்கம் தள்ள முனைந்த சிறுவன் ஒருவனை அவர் தடுத்து நிறுத்தி, மண் புல்லின் விளிம்பில் ஏறி ஏறி நாளடைவில் ஒரு வரப்பு கட்டிவிடும் என்றும், அந்த வரப்பில் பட்டுத் தெறிக்கும் பந்து பக்கத்தில் நிற்பவனின் பல்லைப் பெயர்த்துவிடும் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு, சுட்ட களிமண் குருணையை மூட்டையிலிருந்து அளந்து தூவி, இரும்புப் பல்லுள்ள வாரியால் கிளறி, கம்பி வலையைக் கயிற்றில் கட்டி இழுத்து நிரவி, கடைசியாகச் சுண்ணக்கோடு போட்டார்கள். அணியின் முதன்மை ஆட்டக்காரர்களும், பெஞ்சில் மட்டுமே உட்கார்ந்திருக்கும் பையன்களும் ஒரே வாரியை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். பிட்சரின் மேட்டை மட்டும் பயிற்சியாளர் பிறர் கையில் விடவில்லை. எறியும்போது முன்கால் ஊன்றும் இடத்தில் விழுந்திருந்த பள்ளத்தில் ஈரக் களிமண்ணை அடைத்து, இடிகட்டையால் தாமே இடித்து இறுக்கினார். அங்கே கால் ஓர் அங்குலம் சறுக்கினாலும் அதன் அதிர்ச்சி முழுவதும் தோளுக்கும் முழங்கைக்கும் போய்ச் சேரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பயிற்சி நேரத்தைப் பகுப்பதும் இதே சிரத்தையோடு செய்யவேண்டிய காரியம். இரண்டு மணி நேரப் பயிற்சியில் ஒருவன் மட்டை வீச, மற்றவர்கள் மைதானத்தில் சிதறி நின்று எப்போதோ வரும் பந்துக்காகக் காத்திருப்பது பழைய வழக்கம். நல்ல பயிற்சியாளர்கள் அதை விட்டுவிட்டார்கள். நான்கு பேர் வலைக்கூண்டுக்குள் மட்டை வீசும்போதே, நான்கு பேருக்கு உதவிப் பயிற்சியாளர் ‘ஃபங்கோ’ என்ற நீண்ட, இலேசான மட்டையால் தரைப்பந்து அடித்துக்கொடுக்கிறார். பிட்சர்கள், தாம் எறியும் பந்தைப் பிடிக்கும் ‘கேட்சர்’களோடு ஒதுங்கிச் சென்று, அன்றைக்கு விதித்த எண்ணிக்கை அளவே எறிகிறார்கள். எஞ்சியவர்கள் ஓட்டம் பழகுகிறார்கள். எந்த நிமிஷத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது ஒரு தாளில் எழுதி, அணி அமரும் ‘டகவுட்’டின் சுவரில் ஒட்டியிருக்கும். அணியின் கடைசி ஆட்டக்காரனாகிய பையனுக்கும் அந்தத் தாளில் முழுப் பங்கு உண்டு. ஆட்டத்தில் அவனுக்கு இடம் கொடுக்க முடியாத பயிற்சியாளர், பயிற்சியில் அவனுக்கு உரியதைக் குறைக்காமல் கொடுத்தாரா என்பதைக்கொண்டே அவருடைய நியாய உணர்ச்சியை நான் மதிப்பிடுவேன்.

அந்த நியாய உணர்ச்சிக்கு முதல் பரீட்சை, தேர்வு நாள் முடிந்ததும் வந்துவிடுகிறது. பெரிய பள்ளிகளில் வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்ள இயலாது. மூத்த அணியாகிய ‘வார்சிட்டி’க்கும் அதற்கு அடுத்த இளைய அணிக்கும் போக, எஞ்சியவர்களைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். பெயர்ப் பட்டியலைக் கதவில் ஒட்டிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிற பயிற்சியாளர்களும் உண்டு. ஒவ்வொரு பையனையும் தனியே அழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, அவனிடம் கண்ட நல்லதையும் குறைந்ததையும், அடுத்த ஆண்டு அவன் மறுபடி வரலாமா என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லுகிறவர்களும் உண்டு. பதினைந்து வயதில், ஆறேழு ஆண்டுகளாகத் தன்னைப் பேஸ்பால் ஆடுகிறவனாகவே நினைத்து வளர்ந்த பிள்ளைக்கு, அந்தப் பத்து நிமிஷம் மிகுந்த முக்கியத்துவம் உடையது. ஆகையால் அந்தச் சந்திப்புகளுக்கும் அட்டவணையில் நேரம் ஒதுக்கி வைக்கவேண்டும். ஒதுக்காவிட்டால் அவை நடப்பதில்லை. பெற்றோர் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தம் மகன் ஏன் ஆடவில்லை என்ற கேள்வியைப் பையனே வந்து கேட்கட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறவர் பிழைக்கிறார்.

இனி நான் பிரதானமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். வெகுகாலம் வரையில் பிட்சர்களின் உழைப்பை இன்னிங்ஸ் கணக்கில் அளந்துவந்தார்கள்; வாரத்துக்கு இத்தனை இன்னிங்ஸ் என்று பல மாநிலங்கள் வரம்பு வைத்திருந்தன. ஓர் இன்னிங்ஸ் எட்டு எறிகளிலும் முடியலாம், முப்பத்தைந்து எறிகளிலும் முடியாமல் இழுக்கலாம் என்பதை யோசித்தால், அந்த அளவுகோல் எத்தனை பொய்யானது என்பது விளங்கும். 2014-இல் தொழில்முறை லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வயதுவாரியாக ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. 2017-ஆம் ஆண்டுப் பருவம் முதல், எறிகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட வரம்பு ஒன்றை ஒவ்வொரு மாநிலச் சங்கமும் விதித்தே தீரவேண்டும் என்று தேசியக் கூட்டமைப்பு கட்டாயமாக்கியது. எண்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. அந்த வழிகாட்டியின்படி, பதினேழு, பதினெட்டு வயதுப் பையன் ஒரு நாளில் 105 எறிகளுக்குமேல் எறியலாகாது. 30 வரை எறிந்தால் ஓய்வு கட்டாயமில்லை. 45 வரை ஒரு நாள், 60 வரை இரண்டு நாள், 80 வரை மூன்று நாள், அதற்குமேல் போனால் நான்கு நாள் ஓய்வு.

எண்களாகப் படிக்கையில் இவை உயிரற்றவையாகத் தோன்றும். ஓர் ஆட்டத்தினிடையே வைத்துப் பார்க்கையில்தான் இவற்றின் கனம் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை ஓர் ஆட்டம், வெள்ளிக்கிழமை அதைவிட முக்கியமான இன்னோர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாயன்று தம் சிறந்த பிட்சரை 60 எறிகளோடு நிறுத்திவிட்டால், புதனும் வியாழனும் ஓய்ந்தபின் வெள்ளிக்கிழமை அவன் மறுபடி எறியலாம். 61 ஆகிவிட்டால் சனிக்கிழமை வரையில் அவன் கையைத் தொடக்கூடாது. ஐந்தாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் ஓட்டத்துக்குக் காத்திருக்க, ஒரு ரன் முன்னிலையில் இருக்கும்போது, கையில் எண்ணுகருவியை அழுத்திக்கொண்டிருக்கும் மாணவன் ஐம்பத்தெட்டு என்று சொல்லுகிறான். பயிற்சியாளர் இன்றைய ஆட்டத்தை எடுத்துக்கொள்வதா, வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வதா? மூன்றாவது பிட்சர் ஒருவனை மார்ச் மாதத்திலிருந்தே எளிய ஆட்டங்களில் இறக்கி, தோற்றாலும் பரவாயில்லை என்று பழக்கி வைத்திருக்கிறவருக்கு இந்தக் கேள்வி தொண்டையை அடைப்பதில்லை. அவர் மேட்டை நோக்கி நடக்கிறார், பந்தை வாங்குகிறார், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

விதி எண்ணிக்கையைத்தான் பார்க்கும், உடம்பைப் பார்க்காது. ஆட்டத்துக்கு முன்னும் இன்னிங்ஸுக்கு இடையிலும் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள எறியும் பந்துகள் கணக்கில் வருவதில்லை. மேட்டிலிருந்து இறங்கிய பையனைக் கேட்சராக உட்காரவைத்தால், அவன் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்துகொண்டே இருக்கிறான். அதைத் தவிர்க்குமாறு வழிகாட்டி சொல்லியிருப்பது மிகவும் சரி. களைத்த பிட்சரின் முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்குகிறது, பந்துகள் மேலே மேலே போகின்றன, ஒரு எறிக்கும் மறு எறிக்கும் இடையே அவன் எடுத்துக்கொள்ளும் நேரம் நீளுகிறது, கையை உதறிக்கொள்கிறான். ‘களைப்பாக இருக்கிறதா?’ என்று கேட்டால் இல்லையென்றே சொல்லுவான். பதினேழு வயதில் வேறு விடை சொல்லும் பிள்ளையை நான் கண்டதில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, முழங்கை அல்லது தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இளம் பிட்சர்களை, காயமில்லாத பிட்சர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. களைத்த கையோடு அடிக்கடி எறிந்தவர்களுக்கு அபாயம் முப்பத்தாறு மடங்கு என்றும், ஆண்டில் எட்டு மாதங்களுக்குமேல் போட்டிகளில் எறிந்தவர்களுக்கு ஐந்து மடங்கு என்றும் அது கண்டது.

முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு சிறு தசைநார்தான் பிட்சரின் வேகம் முழுவதையும் தாங்குகிறது. அது அறுந்துபோனால் அத்தோடு ஆட்டம் முடிந்தது என்பதே பழைய காலத்து நிலைமை. 1974 செப்டம்பர் 25 அன்று, டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் மறுகையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டினார். 1976-இல் திரும்பி வந்த டாமி ஜான் 1989 வரையில் ஆடினார். அவர் பெற்ற 288 வெற்றிகளில் 164 சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. வைத்திய சாஸ்திரத்தின் இந்த அரும்பெரும் வெற்றியே, எதிர்பாராத வகையில், ஒரு தீங்குக்கும் இடமாகிவிட்டது. அறுந்தால் கட்டிக்கொள்ளலாம் என்ற தைரியம் பெற்றோர் மனத்திலும் பிள்ளைகள் மனத்திலும் புகுந்துவிட்டது. முப்பத்தொரு வயதுத் தொழில்முறை ஆட்டக்காரருக்காகக் கண்டுபிடித்த சிகிச்சையை, இன்னும் எலும்பு முதிராத பள்ளிப் பிள்ளைகள் செய்துகொள்ளும் நிலை வந்திருக்கிறதென்றால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பள்ளி பேஸ்பாலை ஒரு விரதத்தைப் போல அனுஷ்டிக்கும் தேசம் ஜப்பான். 1915-இல் தொடங்கிய கோடைப் போட்டி, 1924-இல் கட்டி முடித்த கோஷியன் மைதானத்தில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடைபெறுகிறது; ஒருமுறை தோற்றாலே வெளியேற வேண்டும் என்பதால், மாகாணச் சுற்றிலிருந்தே ஒவ்வோர் ஆட்டமும் கடைசி ஆட்டமாக இருக்கக்கூடும். 1998 ஆகஸ்ட் 20 அன்று, யோகஹாமா பள்ளியின் மட்சுசகா டைசுகே, பி.எல். காகுயென் பள்ளிக்கு எதிராக 17 இன்னிங்ஸும் தாமே நின்று 250 எறிகள் எறிந்தார்; இரண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தில், எதிரணிக்கு ஒரு ‘ஹிட்’கூடக் கொடுக்காமல் வென்றார். தேசமே அவரைக் கொண்டாடியது. அந்த வீரத்தை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தின் நிழலில், பெயர் வெளியே தெரியாத எத்தனையோ பள்ளிகளில், எத்தனையோ பிள்ளைகள் அவரைப் போல எறிய முயன்றிருப்பார்கள் என்பதை எண்ணும்போது மனம் கலங்குகிறது.

அந்தத் தேசத்தில்தான், 2019 ஜூலையில், இவாதே மாகாணத்தின் ஓஃபுனாதோ என்ற அரசுப் பள்ளியின் பயிற்சியாளர் கொகுபோ யோஹே ஒரு முடிவெடுத்தார். அவரிடம் சசாகி ரோகி என்ற பிட்சர் இருந்தார். அந்த ஏப்ரலில் மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து நாடு முழுவதையும் திரும்பிப் பார்க்கச் செய்தவர். மாகாணப் போட்டியில் ஜூலை 21 அன்று, பன்னிரண்டு இன்னிங்ஸில் சசாகி 194 எறிகள் எறிந்தார். மறுநாள் காலிறுதியில் அவரை இறக்காமல், மற்றவர்களே எறிந்து வென்றார்கள். 24 அன்று அரையிறுதியில் அவர் மீண்டும் 129 எறிகள் எறிந்து அணியை வெற்றிபெறச் செய்தார். 25 அன்று இறுதியாட்டம். வென்றால் கோஷியன், அந்தப் பள்ளி 1984-க்குப் பிறகு எட்டாத இடம். அன்றைக்குக் கொகுபோ சசாகியை மேட்டுக்கு அனுப்பவில்லை, மட்டையாளராகக்கூட இறக்கவில்லை. அந்தக் கோடையில் அதுவரை ஒருமுறையும் எறியாத ஒரு பையன் ஆட்டத்தைத் தொடங்கினான். ஹனமாகி ஹிகாஷி பள்ளி 12–2 என்று வென்றது. எறியச் சொல்லியிருந்தால் சசாகி எறிந்திருப்பார், ஆயினும் அப்படிச் சொல்லும் முடிவுக்குத் தம்மால் வர இயலவில்லை என்று கொகுபோ நிருபர்களிடம் தெரிவித்தார். பள்ளிக்கு ஏராளமான தொலைபேசி அழைப்புகள் வந்தன, கண்டித்தவர்கள் பலர். தொழில்முறை ஆட்டக்காரர்களே இரு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள்.

சசாகி 2022 ஏப்ரல் 10 அன்று, தமது இருபதாவது வயதில், சிபா லோத்தே அணிக்காக 19 பேரை வீழ்த்தி, ஒருவரையும் முதல் பேஸுக்கு அனுப்பாத பூரண ஆட்டம் ஒன்றை எறிந்தபோது, கொகுபோவின் முடிவு சரியென நிரூபணமாகிவிட்டது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடு இல்லை. சசாகி அதற்குப் பிறகு ஒரு பந்தைக்கூட எறியாமல் ஊருக்குப் போய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாலும் அந்த முடிவு சரியானதே. 2025-இல் அமெரிக்காவுக்கு வந்து ஆடியபோது தோள் வலியால் அவர் பல மாதங்கள் ஒதுங்கியிருக்க நேர்ந்தது; அதனால் 2019-இல் செய்தது வீண் என்று ஆகிவிடாது. பையனின் கை பையனுக்குச் சொந்தம். அவனிடம் கேட்டால் கொடுத்துவிடுவான் என்ற காரணத்தினாலேயே, கேட்கும் நிலையில் இருக்கும் பெரியவர் கேட்காமல் இருக்கக் கடமைப்பட்டவர்.

கொகுபோவைப் பாராட்டும் அதே மூச்சில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த இறுதியாட்டத்தின் நெருக்கடி ஜூலை 25 அன்று உண்டானதல்ல. நாள்தோறும் ஆட்டங்களை நெருக்கி அடுக்கும் அட்டவணையில் அது முன்பே எழுதியிருந்தது. அடுத்த ஆண்டிலேயே ஜப்பானியப் பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பு, ஒரு பிட்சர் ஒரு வாரத்தில் 500 எறிகளுக்குமேல் எறியலாகாது என்று விதித்தது. 500 என்பது இன்னும் மிகையான எண் என்பது என் எண்ணம் என்றாலும், வரம்பே இல்லாதிருந்த இடத்தில் ஒரு வரம்பு பிறந்தது ஒரு தொடக்கம். வரம்பு வந்ததும், பெரிய பள்ளிகள் இரண்டு, மூன்று பிட்சர்களை முதல் ஆண்டிலிருந்தே வளர்க்கலாயின. நிறைய மாணவர்கள் இல்லாத சிறு பள்ளிகள் என்ன செய்யும் என்ற ஆட்சேபணையும் எழுந்தது. அது நியாயமான ஆட்சேபணைதான்.

அதற்கு ஒரு விடை ஐயோவாவில் இருக்கிறது. அம்மாநிலத்தில் நார்வே என்று ஒரு சிற்றூர். ஆயிரம் பேர்கூட வாழாத அவ்வூரின் உயர்நிலைப் பள்ளி, 1991-இல் பக்கத்துப் பள்ளியோடு இணைந்து மறையும் வரையில், பேஸ்பாலில் 20 மாநிலப் பட்டங்களைப் பெற்றது. பால்டிமோர் அணியின் பிட்சராகப் பெயர்பெற்ற மைக் பாடிக்கர் அந்த ஊரில் வளர்ந்தவர். பள்ளியின் இறுதி ஆண்டையும் பட்டத்தோடுதான் முடித்தார்கள். 2007-இல் அதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். பொறுக்கி எடுக்கப் பையன்கள் போதாத ஊரில், இருக்கிற ஒவ்வொருவனையும் ஆட்டக்காரனாக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. எட்டாம் வகுப்புப் பையனும் மூத்தவர்களோடு மைதானத்தில் நின்று பழகினால்தான் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டில் நிற்க ஆள் கிடைக்கும். பெரிய பள்ளியின் பயிற்சியாளர் ஜனவரியில் தம் மேஜைமேல் பெயர்களைப் பரப்பும்போது, தம்மிடமும் பதினைந்து பேர்தான் இருக்கிறார்கள் என்று பாவித்து வகுக்கத் தொடங்கினால், அவருடைய நான்காவது பிட்சர் தானே உருவாவான்.

எல்லாம் செய்தும் பயிற்சியாளரின் கைக்கு எட்டாமல் நிற்பது ஒன்று உண்டு. பள்ளிப் பருவத்துக்கு விதித்த எறிக்கணக்கு, பள்ளி ஆட்டங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். இன்று வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் பலர், பணம் கட்டிச் சேரும் தனியார் பயண அணிகளிலும் ஆடுகிறார்கள். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதிதோறும் ஊர் ஊராகப் போய், ஒரே நாளில் இரண்டு, மூன்று ஆட்டங்கள் ஆடுவது அங்கே சகஜம். அந்தந்த அமைப்புக்குத் தனி விதி உண்டு, சிலவற்றில் பெயரளவுக்கே உண்டு; பையன் சென்ற வாரம் வேறிடத்தில் எத்தனை எறிந்தான் என்பதை யாரும் கேட்பதில்லை. ஆண்டில் எட்டு மாதத்துக்குமேல் எறிவதன் அபாயம் இத்தனை தெளிவாகத் தெரிந்தபிறகும், பள்ளிப் பருவத்தின் ஸ்கோர் புத்தகம் கடைசி ஆட்டத்தோடு அலமாரிக்குள் போய்விடுகிறது.

அந்தப் புத்தகம் அலமாரிக்குப் போகலாகாது என்பது என் வேண்டுகோள். மார்ச் முதல் ஜூன் வரையில் ஒவ்வொரு பிட்சரும் எந்தத் தேதியில் எத்தனை எறிந்தான், எத்தனை நாள் ஓய்ந்தான், எப்போது வலி என்று சொன்னான் என்பவற்றை ஒரே தாளில் பெயர்த்தெழுதி, பருவம் முடிந்து சீருடைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நாளில், பையன் கையிலும் பெற்றோர் கையிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடலாம். அவன் கோடையில் ஆடப்போகும் அணியின் பயிற்சியாளர் யாரென்று விசாரித்து, அவருக்கும் ஒன்று அனுப்பிவைக்கலாம். அத்துடன், இந்தப் பையன் ஆகஸ்ட் மாதம் வரையில் மேட்டில் ஏறவேண்டாம், முதல் பேஸில் ஆடட்டும் என்றோ, எலும்பு வைத்தியர் ஒருவரிடம் முழங்கையைக் காட்டிவிட்டு எறியட்டும் என்றோ, இரண்டு வரி தம் கைப்பட எழுதிச் சேர்க்கலாம். மாநிலச் சங்கங்கள் இதைக் கட்டாயமாக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணுகருவியும் ஸ்கோர் புத்தகமும் ஏற்கெனவே ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கின்றன, அந்த ஒரு தாளை எழுத ஒரு மாலைப்பொழுது போதும்.